கழுத்து டாப்ளர் ரிப்போர்ட்டை வச்சு மூளைக்கு எவ்ளோ ரத்தம் போகுதுன்னு கணக்கு பார்க்கறது எப்படி

கழுத்து டாப்ளர் (கழுத்து ரத்தக் குழாய்ல ஓட்டத்தைப் பார்க்கற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்து ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நெறைய பேர் கண்ணு ரெண்டு இடத்துக்குத்தான் போகும். ஒண்ணு, "வலது வெர்டிப்ரல் ஆர்ட்டரி 2.4 மி.மீ, ஹைப்போபிளாஸ்டிக்"னு, அதாவது வளர்ச்சியிலயே சின்னதா இருக்குன்னு ஒரு வரி. இன்னொண்ணு பிஎஸ்வின்னு (ரத்தத்தோட உச்ச வேகம், செ.மீ/செகண்ட்ல) போட்டு பக்கத்துல இருக்கற நம்பர். மொத வரியைப் பார்த்ததும் குழாய் சின்னதா இருக்கு, அப்போ மூளைக்கு ரத்தம் பத்தலன்னு முடிவு கட்டிடறாங்க, ரெண்டாவது நம்பர் பெருசா இருந்தா பரவால்ல நல்லா வேகமா ஓடுதுன்னு நிம்மதி ஆயிடறாங்க. ரெண்டும் பல சமயம் தலைகீழா இருக்கும். அதனால ஆர்ட்டரி சைஸுக்கும் ரத்த ஓட்டத்துக்கும் நிஜமா என்ன சம்பந்தம், அதை எப்படி கணக்கு பண்ணி பார்க்கறதுன்னு எழுதறேன். ரேடியாலஜி டெக்னாலஜி படிக்கற பசங்களுக்கும் புதுசா ப்ரோப் (கழுத்துல வைக்கற ஸ்கேன் கருவி) புடிக்கறவங்களுக்கும்தான் முக்கியமா, ஆனா வீட்டுல யாருக்காவது ரிப்போர்ட் வந்து கூகுள்ல தேடிட்டு இருக்கறவங்களுக்கும் புரியற மாதிரி பார்த்துக்கறேன். கால்குலேட்டர் ஒண்ணு போதும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். திடீர்னு வாய் கோணுது, ஒரு பக்கம் கை கால் விழுந்துடுச்சு, பேச்சு குழறுது, ஒரு கண்ணு பார்வை மறைக்குதுன்னா இந்த கணக்கெல்லாம் தூக்கி ஓரமா வச்சிட்டு சிடி ஸ்கேன் இருக்கற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, ரத்தக் கட்டியை கரைக்கற ஊசி பொதுவா 4.5 மணி நேரத்துக்குள்ளதான் போடுவாங்க. அஞ்சு நிமிஷத்துல சரியாயிடுச்சுன்னாலும் போங்க.

மொதல்ல மொத்தம் எவ்ளோ போகணும்னு தெரிஞ்சுக்கணும்

மூளை சுமார் 1400 கிராம் இருக்கும், உடம்பு எடையில ஒரு 2% தான், ஆனா இதயம் தள்ளற ரத்தத்துல ஏறக்குறைய 15% இதுக்குத்தான் போகுது. 1940கள்ல கெட்டி, ஷ்மிட்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல நைட்ரஸ் ஆக்சைடை மூச்சுல குடுத்து, தமனி ரத்தத்துலயும் மூளையில இருந்து திரும்பற ரத்தத்துலயும் அது எவ்ளோ இருக்குன்னு அளந்து பார்த்து, 100 கிராம் மூளைக்கு நிமிஷத்துக்கு 50 மி.லி சொச்சம்னு கணக்கு குடுத்தாங்க. இன்னைக்கும் அந்த நம்பர் நிக்குது. 1400 கிராமுக்கு போட்டுப் பாருங்க, நிமிஷத்துக்கு 700 மி.லி. வயசானா கொஞ்சம் குறையும், அதனால 600ல இருந்து 750 வரைக்கும் வந்தா நம்ம கணக்கு ஓரளவு சரியா இருக்குன்னு அர்த்தம். அந்த 50 வந்து 20க்கு கீழ போனா நரம்பு செல் வேலையை நிறுத்திடும், 10க்கு கீழ கொஞ்ச நேரம் இருந்தாலே செத்துடும், நடுவுல இருக்கற பகுதியை காப்பாத்தத்தான் ஸ்ட்ரோக்ல இவ்ளோ அவசரப்படறாங்க.

இந்த 700ஐ கொண்டு போறது நாலு குழாய். முன்னாடி ரெண்டு இன்டர்னல் கரோட்டிட், சுருக்கமா ஐசிஏ, ஒவ்வொண்ணும் 4.5ல இருந்து 5 மி.மீ, ஒவ்வொண்ணுலயும் நிமிஷத்துக்கு 250 மி.லி பக்கம். பின்னாடி கழுத்தெலும்பு ஓட்டைகள் வழியா ஏறற ரெண்டு வெர்டிப்ரல், 3ல இருந்து 4 மி.மீ, ரெண்டும் சேர்ந்து 200க்குள்ள. வெர்டிப்ரல் ரெண்டும் உள்ள போய் ஒண்ணு சேர்ந்து பேசிலர் ஆகும், அதும் 3 மி.மீ சொச்சம்தான்.

கணக்கு

பார்முலா ரொம்ப சிம்பிள். குழாயோட குறுக்கு பரப்பு, இன்டு, ரத்தத்தோட சராசரி வேகம், இன்டு 60. பரப்புக்கு விட்டத்தை செ.மீ-க்கு மாத்தி ஸ்கொயர் பண்ணி 0.785ஆல பெருக்குங்க.

ஐசிஏ 5 மி.மீ, சராசரி வேகம் 22 செ.மீ/செகண்ட்னு வச்சிக்கோங்க. 0.5 இன்டு 0.5 இன்டு 0.785, அதாவது 0.196 சதுர செ.மீ. 22ஆல பெருக்கினா செகண்டுக்கு 4.3 மி.லி, 60ஆல பெருக்கினா நிமிஷத்துக்கு 259. நார்மல்.

இப்போ வெர்டிப்ரல். இடது 3.8 மி.மீ, வேகம் 15ன்னா நிமிஷத்துக்கு 102 மி.லி வரும். வலது அந்த 2.4 மி.மீ, வேகம் 10ன்னா 27. கவனிச்சீங்களா, விட்டத்துல ஒண்ணரை மடங்கு கொஞ்சம் சொச்சம்தான் வித்தியாசம், ஓட்டத்துல கிட்டத்தட்ட நாலு மடங்கு. விட்டம் கொஞ்சம் கூடினாலே பரப்பு ஸ்கொயர்ல ஏறுது, அதோட பெரிய குழாய்ல வேகமும் கூட இருக்கு, ரெண்டும் சேர்ந்துதான் இந்த நாலு மடங்கு.

இதே ஸ்கொயர்தான் நம்மளை ஏமாத்தவும் செய்யும். அந்த 5 மி.மீ ஐசிஏவை அவசரத்துல 5.5ன்னு அளந்துட்டீங்கன்னா 259 இருந்தது 313 ஆயிடும், அரை மி.மீக்கு 21% கூடுது. வெர்டிப்ரல்ல இன்னும் மோசம், 3 மி.மீயை 3.5ன்னு வச்சா 36% கூடிடும். அதனால விட்டத்தை கலர் போட்டுட்டு அளக்கவே கூடாது, கலர் எப்பவும் சுவர் மேல கொஞ்சம் வழிஞ்சு நிக்கும், கறுப்பு வெள்ளை படத்துல நல்லா ஜூம் பண்ணி உள் சுவர்ல இருந்து உள் சுவர் வரைக்கும் காலிப்பரை (ஸ்க்ரீன்ல அளக்கற குறியை) வையுங்க, மூணு தடவை அளந்து சராசரி எடுங்க. ஐசிஏன்னா பல்ப் (அது ஆரம்பிக்கற அகலமான இடம்) தாண்டி ஒரு 1, 2 செ.மீ மேல போய் சுவர் ரெண்டும் பாரலலா வர்ற இடத்துல அளக்கணும், பல்புல சுவரோரமா ரத்தம் சுழிச்சு பின்னாடி திரும்பும், அங்க எடுத்த நம்பர் எதுக்கும் உதவாது.

வெர்டிப்ரல் எடுக்கறது தனி கலை. ப்ரோப்பை நீளவாக்குல வச்சு சிசிஏ (ஐசிஏ பிரியறதுக்கு முன்னாடி இருக்கற காமன் கரோட்டிட்) தெரிஞ்சதும் லேசா வெளிப்பக்கம் சாய்ச்சா, கழுத்தெலும்போட நிழல் கறுப்பு கறுப்பா பட்டை மாதிரி விழும், ரெண்டு பட்டைக்கு நடுவுல இருக்கற ஜன்னல்ல துண்டு துண்டா ஆர்ட்டரி ஓடறது தெரியும். நாலாவது அஞ்சாவது எலும்புக்கு நடுவுல பொதுவா நல்லா கிடைக்கும். கூடவே வெயினும் ஓடும், அது மேல லேசா அழுத்தினா அமுங்கிடும், ஆர்ட்டரி அமுங்காது. ரெண்டையும் ஒண்ணா சேர்த்து அளந்து "4.5 மி.மீ டாமினன்ட்"னு (இதுதான் பெரிய பக்கம்னு) எழுதின ரிப்போர்ட் எல்லாம் வருது, என்ன சொல்ல.

அடுத்தது வேகம். ரிப்போர்ட்டுல பெருசா போட்டிருக்கற பிஎஸ்வி வந்து இதயம் துடிக்கற அந்த உச்ச நொடியில, குழாயோட நடுவுல ஓடற வேகமான ரத்தத்தோட வேகம். அதை எடுத்து பார்முலால போட்டா என்ன ஆகும்னு பாருங்க, ஐசிஏ பிஎஸ்வி 80ன்னா 0.196 இன்டு 80 இன்டு 60, நிமிஷத்துக்கு 940 மி.லி, ஒரே ஒரு குழாய்ல மொத்த மூளைக்கும் போறதை விட அதிகம். அப்படி நம்பர் வந்தாலே எங்கயோ இடிக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம். நமக்கு வேணும்கறது டைம் ஆவரேஜ் மீன், அதாவது முழு துடிப்புக்கும், குழாயோட முழு அகலத்துக்கும் சேர்த்து எடுத்த சராசரி. மெஷின்ல டைம் ஆவரேஜ் மேக்ஸ்னு இன்னொண்ணும் பக்கத்துலயே இருக்கும், அது அலையோட மேல் கோட்டை மட்டும் சராசரி எடுக்கறது, ஓட்டம் ஒழுங்கா இருக்கற குழாய்ல அது மீனை விட ரெண்டு மடங்கு வரைக்கும் போகும். எந்த பட்டன்ல இருந்து நம்பர் வந்துச்சுன்னு பார்த்துக்கோங்க. பிஎஸ்விக்கு சாம்பிள் கேட்டை (எந்த இடத்து வேகத்தை எடுக்கணும்னு குறிக்கற சின்ன ஜன்னல்) சின்னதா நடுவுல வைப்போம், ஓட்டம் அளக்க கேட்டை சுவருக்கு சுவர் திறந்து வைக்கணும், இல்லன்னா ஓரத்துல மெதுவா போறது கணக்குல சேராது.

ஆங்கிள் (டாப்ளர் அலைக்கும் ரத்தம் ஓடற திசைக்கும் நடுவுல இருக்கற கோணம்) விஷயத்துல 60 டிகிரியை தாண்டவே தாண்டாதீங்க. நிஜமான ஆங்கிள் 60 இருக்கும்போது கோட்டை 65ல வச்சிட்டா வேகம் 18% கூட காட்டும், அதே அஞ்சு டிகிரி தப்பு 45க்கும் 50க்கும் நடுவுல நடந்தா 10% தான். காஸ் டேபிளை பார்த்தா புரியும், 60க்கு மேல போகப் போக சறுக்கல் ஜாஸ்தி.

சின்னதா இருக்கறதால ஓட்டம் குறைஞ்சுதா, ஓட்டம் குறைவா வேண்டியிருந்ததால சின்னதா இருக்கா

எனக்கு கேட்டா மொத்த விஷயமும் இந்த ஒரு கேள்விதான். புத்தகத்துல படிச்சவங்க உடனே பாய்சாய் விதியை எடுத்துடுவாங்க. பிரெஞ்சு டாக்டர் பாய்சாய் 1840 வாக்குல மெல்லிசான கண்ணாடிக் குழாய்கள்ல தண்ணியை விட்டு கண்டுபிடிச்சது, ஓட்டம் ஆரத்தோட நாலாவது பவருக்கு ஏத்த மாதிரி மாறும். ஆரம் பாதியானா ஓட்டம் பதினாறுல ஒரு பங்கு. அப்படிப் பார்த்தா கரோட்டிட் 50% சுருங்கின எல்லாரும் மயங்கி விழணும், ஆனா அவங்கள்ல பெரும்பாலானவங்க அடைப்பு இருக்கறதே தெரியாம மாடிப்படி ஏறி இறங்கிட்டு இருக்காங்க. காரணம் அந்த விதி தப்பு இல்ல, அதை ஒரு குழாய்க்கு மட்டும் தனியா போடறதுதான் தப்பு. கழுத்துல இருக்கற பெரிய குழாய்ங்க மொத்த தடையில ரொம்ப கொஞ்சம்தான், பெரும் தடை எல்லாம் அதுக்கு மேல தலைக்குள்ள இருக்கற சின்னச் சின்ன குழாய்கள்ல இருக்கு. கழுத்துல கொஞ்சம் தடை ஏறினா உள்ள இருக்கற ஆர்ட்டீரியோல், அதாவது அந்த சின்னக் குழாய் எல்லாம் விரிஞ்சு குடுத்து அதை ஈடு கட்டிடும், இதுக்குப் பேர்தான் ஆட்டோரெகுலேஷன். அந்த விரியற சக்தி தீர்ந்து போச்சுன்னாதான் ஓட்டம் நிஜமா விழும்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆர்ட்டரி ஒண்ணும் போட்டதும் அப்படியே கிடக்கற பிவிசி பைப் கிடையாது. வாய்க்கால் மாதிரி நினைச்சுக்கோங்க, எத்தனை ஏக்கருக்கு தண்ணி பாயணுமோ அதுக்குத் தகுந்த அகலத்துலதான் வெட்டுவாங்க, அரை ஏக்கருக்கு போற கிளை வாய்க்காலைப் பார்த்து இது குறுகலா இருக்கே பயிர் காஞ்சிடுமேன்னு யாரும் கவலைப்பட மாட்டாங்க. ஆர்ட்டரி உள்சுவர்ல இருக்கற எண்டோதீலியம் செல்லுங்க ரத்தம் உரசிட்டுப் போற இழுவையை உணரும், ஓட்டம் கூடி உரசல் அதிகமானா குழாய் மாசக்கணக்குல மெதுவா அகலமாகும், ஓட்டம் குறைஞ்சா சுருங்கும். 1926ல முர்ரேன்னு ஒருத்தர் இதுக்கு ஒரு கணக்கே போட்டார், தாய்க் குழாயோட ஆரத்தை க்யூப் பண்ணா அது பிள்ளைக் குழாய்களோட ஆரங்களை க்யூப் பண்ணி கூட்டினதுக்கு சமம். 3 மி.மீ குழாய் ரெண்டு சமமா பிரிஞ்சா ஒவ்வொண்ணும் 1.5 இல்ல, 2.4 மி.மீ பக்கம் இருக்கும். பெரிய ஆர்ட்டரிகள்ல அப்படியே அச்சு அசலா வராது, ஆனா போக்கு இதுதான்.

இதை ஸ்கேன்லயே கண்ணால பார்க்கலாம். மூளைக்கு முன்பக்கம் போற ஆன்டீரியர் செரிப்ரல் ஆர்ட்டரியோட மொத துண்டுக்கு ஏ1னு பேரு, சிலருக்கு அது ஒரு பக்கம் பிறவியிலயே நூல் மாதிரி இருக்கும் இல்ல இருக்கவே இருக்காது, எதிர்ப்பக்க ஏ1 தான் ரெண்டு பக்கத்துக்கும் சப்ளை. அவங்க கழுத்துல ரெண்டு ஐசிஏவையும் அளந்து பாருங்க, ஏ1 இல்லாத பக்க ஐசிஏ கொஞ்சம் மெலிசா இருக்கும், எதிர்ப்பக்கம் கொஞ்சம் தடிப்பா இருக்கும். மெலிசா இருக்கற பக்கத்துல நோய் ஒண்ணும் இல்ல, அது பாய வேண்டிய ஏரியா குறைவு, அவ்ளோதான். அதே மாதிரி ஃபீட்டல் பிசிஏன்னு ஒண்ணு, மூளையோட பின்பக்கத்துக்கு போற குழாய் பேசிலர்ல இருந்து வராம கரோட்டிட்ல இருந்தே வரும், அவங்களுக்கு பேசிலரும் வெர்டிப்ரலும் சின்னதா இருக்கறது சகஜம். எதிர்மாறா ஏவிஎம் இருந்தா, அதாவது ஆர்ட்டரியும் வெயினும் நேரடியா பின்னிக்கிட்டு ரத்தத்தை உறிஞ்சற முடிச்சு இருந்தா, அதுக்குப் போற ஆர்ட்டரி வீங்கின மாதிரி தடிச்சுப் போயிருக்கும்.

அப்போ "ஹைப்போபிளாஸ்டிக் வெர்டிப்ரல்"னு வந்தா என்ன பண்ணணும்? பொதுவா 2 மி.மீக்கு கீழ போனா அப்படி எழுதுவாங்க, சில இடத்துல 2.5ன்னு வச்சிருக்காங்க, அதனால நம்ம உதாரணத்துல இருக்கற 2.4 ஒரு சென்டர்ல ஹைப்போபிளாஸ்டிக், அடுத்த தெரு சென்டர்ல நார்மல். மொதல்ல எதிர்ப்பக்கத்தை பாருங்க. அது 3.8, 4ன்னு தடிப்பா இருந்து ரெண்டும் சேர்ந்து 129 மி.லி கொண்டு போகுதுன்னா ஏற்பாடு பிறவியிலயே அப்படித்தான். நெறைய பேருக்கு இடதுதான் பெருசா இருக்கும். அடுத்து, குழாய் முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி மெலிசா, சுவர் வழவழன்னு இருக்கா, இல்ல ஒரு இடத்துல மட்டும் திடீர்னு சுருங்குதா. சிடி எடுத்திருந்தா எலும்புல இருக்கற ஓட்டையை பாருங்க, குழாய் பிறவியிலயே சின்னதுன்னா எலும்பு ஓட்டையும் சின்னதா இருக்கும், ஐசிஏவுக்கும் இதே விதி, மண்டையோட்டு அடியில கரோட்டிட் கெனால் குறுகலா இருந்தா அது பிறவி சமாச்சாரம். ஓட்டை பெருசு, உள்ள குழாய் மட்டும் மெலிசுன்னா அது பின்னாடி வந்த வியாதி, விடக்கூடாது. சின்ன வெர்டிப்ரல் இருக்கறதால ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன், பெரிய பக்கத்துக்கு ஏதாவது ஆனா மாத்துக்கு ஆள் இல்ல, அந்த அளவுக்கு அது முக்கியம்தான். ஆனா எல்லா தலைசுத்தலுக்கும் அது மேல பழியைப் போடறது சரியில்ல.

அடைப்பு வந்த குழாய்ல வேகம் ஏறினா சந்தோஷப்படாதீங்க

கொழுப்பு படிஞ்சு சுருங்கின இடத்துல அதே அளவு ரத்தம் சின்ன ஓட்டை வழியா போகணும், அதனால வேகம் ஏறும். விட்டத்துல 50% அடைப்புன்னா பரப்புல 75% போயிடுச்சு, விட்டத்துல 70%னா பரப்புல 91% காலி. ரிப்போர்ட்டுல பர்சன்டேஜ் போட்டிருந்தா அது விட்டமா பரப்பான்னு கண்டிப்பா கேளுங்க, பரப்புல 75%ங்கறதை விட்டம்னு நினைச்சு ஆபரேஷன் வரைக்கும் பயந்து போறவங்க இருக்காங்க.

கணக்குப்படி 50% அடைப்புல வேகம் நாலு மடங்கு ஏறணும், நிஜத்துல அவ்ளோ ஏறாது, ஏன்னா சுருங்கின இடத்துல ஓட்டத்தோட வடிவமே மாறிடும், கொஞ்சம் ரத்தம் வேற வழியிலயும் போயிடும். அதனாலதான் எல்லாரும் யூஸ் பண்ற டேபிள் பார்முலால வந்தது இல்ல, ஆஞ்சியோவோட (குழாய்ல மருந்து விட்டு எடுக்கற எக்ஸ்ரே) ஒப்பிட்டு வச்சது. அமெரிக்க ரேடியாலஜிஸ்டுங்க கூடி 2003ல வெளியிட்ட ஒப்புதல்படி ஐசிஏ பிஎஸ்வி 125க்கு கீழன்னா அடைப்பு 50%க்கும் குறைவு, 125ல இருந்து 230ன்னா 50ல இருந்து 69%, 230க்கு மேலன்னா 70% இல்ல அதுக்கு மேல. கூடவே ஐசிஏ வேகத்தை சிசிஏ வேகத்தால வகுத்து பார்க்கணும், 4க்கு மேல போனா 70%ங்கறது உறுதியாகும். ஒரு பக்கம் கரோட்டிட் முழுசா அடைச்சுப் போனவங்களுக்கு இன்னொரு பக்கம் ரெட்டை வேலை பார்க்கும், அடைப்பே பெருசா இல்லாம வேகம் மட்டும் 150, 160ன்னு காட்டும், அங்க இந்த ரேஷியோதான் காப்பாத்தும்.

இப்போ ரொம்ப முக்கியமான இடம். 1979ல ஸ்பென்சர், ரீட்னு ரெண்டு பேர் வரைஞ்ச ஒரு வளைகோடு இருக்கு, அதை மனசுல படம் புடிச்சு வச்சுக்கோங்க. அடைப்பு கூடக் கூட வேகம் ஏறிட்டே போகும், மொத்த ஓட்டம் மட்டும் விட்டத்துல 60, 70% வரைக்கும் பெருசா அசையாது. அதைத் தாண்டினா ஓட்டம் சரியும், இன்னும் அடைச்சு கிட்டத்தட்ட மூடற நிலைக்கு வந்தா வேகமும் கீழ இறங்கிடும். அதாவது 95% அடைச்ச குழாய்ல பிஎஸ்வி 90ன்னு நார்மல் மாதிரி நம்பர் வரலாம். டேபிளை மட்டும் பார்த்தா "50%க்கும் குறைவு"ன்னு எழுதி அனுப்பிடுவோம். நம்பரை பார்க்கறதுக்கு முன்னாடி படத்தைப் பாருங்கன்னு சீனியருங்க கத்தறது இதுக்குத்தான். படத்துல நூல் மாதிரி கலர் தெரியுது, நம்பர் மட்டும் சாதுவா இருக்குன்னா நம்பரை நம்பாதீங்க. சிசிஏல டயஸ்டாலிக் ஓட்டம் (இதயம் ரெண்டு துடிப்புக்கு நடுவுல ஓய்வெடுக்கறப்போ இருக்கற ஓட்டம்) குறைஞ்சு போயிருக்கும், அதையும் பாருங்க.

சிடி ஆஞ்சியோலயும் இதே பொறி வேற வேஷத்துல வரும். 1991ல வந்த நாசெட் ஆய்வு முறைப்படி, சுருங்கின இடத்து விட்டத்தை அதுக்கு மேல இருக்கற நல்ல ஐசிஏவோட விட்டத்தால வகுத்து, வர்ற பர்சன்டேஜை 100ல இருந்து கழிப்பாங்க. சுருக்கம் 1.5, மேல 5 மி.மீன்னா 70%, இதுல இருந்துதான் அறிகுறி இருக்கறவங்களுக்கு ஆபரேஷன் நல்ல பலன் குடுக்குதுன்னு அந்த ஆய்வு காட்டுச்சு. ஐரோப்பாக்காரங்க முறையில பல்போட பழைய அகலத்தால வகுப்பாங்க, அதனால ஒரே அடைப்பு நாசெட்ல 50, அவங்க கணக்குல 70 பக்கம் வரும். சரி, பொறி எங்கன்னா, அடைப்பு ரொம்ப முத்தி மேல ரத்தம் குறைஞ்சுபோனா அந்த "நல்ல" ஐசிஏவே சுருங்கி 3 மி.மீ ஆயிடும். சுருக்கம் 1 மி.மீ, மேல 3ன்னா கணக்கு 67%ன்னு காட்டும், நடுத்தரமாம்! பழைய 5 மி.மீயோட ஒப்பிட்டா அது 80%. ஓட்டம் குறைஞ்சதால குழாய் சின்னதான கேஸ் இது, அதனால பர்சன்டேஜ் போடறதுக்கு முன்னாடி எதிர்ப்பக்க ஐசிஏவை ஒரு தடவை அளந்துடுங்க, இந்தப் பக்கம் தெளிவா மெலிஞ்சிருந்தா நியர் ஆக்லூஷன்னு (கிட்டத்தட்ட மூடிடுச்சுன்னு) எழுதுங்க, பர்சன்டேஜே போட வேண்டாம். எதிர்ப்பக்கத்தை விட மெலிசா இருக்கறது ஏ1 இல்லாததாலயும் இருக்கலாம்னு மேல சொன்னேன்ல, அதையும் ஒரு கண் பார்த்துக்கணும்.

உள்ள போனதும் வழி மாறும்

கழுத்துல ஒரு குழாய்ல ஓட்டம் குறைஞ்சா மூளைக்கும் ரத்தம் குறையுதான்னா, அது வில்லிஸ் வட்டத்தைப் பொறுத்தது. தாமஸ் வில்லிஸ் 1664ல வெளியிட்ட புத்தகத்துல இதை விவரிச்சார், படம் வரைஞ்சதுல லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை கட்டின கிறிஸ்டோபர் ரென்னுக்கும் பங்கு உண்டு. நாலு குழாயும் மூளைக்கு அடியில ஒரு வளையமா சேர்ந்துக்கும், ஒண்ணு குறைஞ்சா இன்னொண்ணு குடுக்கும். பிரச்சனை என்னன்னா புத்தகத்துல இருக்கற முழு வளையம் பாதி பேருக்கும் குறைவானவங்களுக்குத்தான் இருக்கு. இணைப்புக் குழாய்ங்க 1, 1.5 மி.மீ தான், பாய்சாயோட நாலாவது பவர் இங்கதான் நிஜமா கடிக்கும், 1.5 மி.மீ குழாயும் 0.75 மி.மீ குழாயும் பார்க்க ஒண்ணா தெரிஞ்சாலும் அவசரத்துக்கு குடுக்கற ரத்தம் ஒண்ணு இல்ல. அதனாலதான் ஒருத்தருக்கு ஐசிஏ முழுசா மூடியும் ஒண்ணும் ஆகாம இருக்கு, இன்னொருத்தருக்கு அதே அடைப்புல பாதி மூளை போகுது.

வெர்டிப்ரல்ல ரத்தம் தலைகீழா, மூளையில இருந்து கைக்கு ஓடுதுன்னு வந்தா அந்தப் பக்க சப்கிளேவியன்ல (கைக்குப் போற பெரிய ஆர்ட்டரி) அடைப்பு இருக்கும், ரெண்டு கையிலயும் பிபி பாருங்க, 20 மேல வித்தியாசம் இருந்தா கிட்டத்தட்ட உறுதி.

மண்டைக்குள்ள டிசிடி (மண்டையோட்டு வழியா எடுக்கற டாப்ளர்) பார்க்கும்போது கதை வேற. 1982ல ஆஸ்லிட் 2 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப்பை பொட்டுல வச்சு, எலும்பு மெலிசா இருக்கற இடம் வழியா எம்சிஏ (மிடில் செரிப்ரல் ஆர்ட்டரி) வேகத்தை அளந்து காட்டினார். அங்க விட்டம் நமக்குத் தெரியாது, வேகம் மட்டும்தான் தெரியும். நார்மலா சராசரி 55, 60 செ.மீ இருக்கும். 150ன்னு வந்தா ரெண்டு அர்த்தம் உண்டு, ஓட்டம் கூடியிருக்கு இல்ல குழாய் சுருங்கியிருக்கு. பிரிக்கறதுக்கு லிண்டேகார்ட் ரேஷியோ, எம்சிஏ வேகத்தை கழுத்து ஐசிஏ வேகத்தால வகுங்க. ஓட்டம்தான் கூடிச்சுன்னா ரெண்டும் சேர்ந்து ஏறும், ரேஷியோ 3க்குள்ள நிக்கும். 3 தாண்டினா சுருக்கம், 6 தாண்டினா கடுமையான சுருக்கம். மூளை ரத்தக்கசிவுக்கு அப்புறம் வர்ற வேசோஸ்பாசத்தை, அதாவது குழாய் இறுகிச் சுருங்கறதை, இப்படித்தான் தினமும் பார்த்துட்டே இருப்பாங்க.

ரத்தசோகை இருந்தா ஹீமோகுளோபினை பார்க்காம டிசிடி நம்பரை படிக்காதீங்க, ரத்தம் நீர்த்துப்போனா ஆக்சிஜனை ஈடுகட்ட ஓட்டம் கூடும், வேகமும் ஏறும். சிக்கிள் செல் (பிறவியிலயே சிவப்பணு அரிவாள் மாதிரி வளையற ரத்த நோய்) இருக்கற குழந்தைகளுக்கு இதுதான் உயிர் காக்கற டெஸ்ட், சராசரி வேகம் 200 தொட்ட குழந்தைகளுக்கு தொடர்ந்து ரத்தம் ஏத்தினா ஸ்ட்ரோக் சுமார் 90% குறைஞ்சுதுன்னு 1998ல ஸ்டாப் ஆய்வு காட்டுச்சு. நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்ல சிக்கிள் செல் இருக்கு, அந்தப் பக்கம் வேலை பார்க்கறவங்க இதை கத்து வச்சுக்கறது நல்லது. அப்புறம் மூச்சு. ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 1 மி.மீ பாதரசம் ஏறினா மூளை ஓட்டம் 3, 4% ஏறும், பேஷன்ட் பயத்துல வேகமா மூச்சு விட்டாலே வேகம் சரிஞ்சுடும், அமைதியானதும் அளங்க. எம்சிஏ விட்டம் மாறாதுன்னு நினைச்சுத்தான் இந்த டெஸ்ட்டே நடக்குது, 7 டெஸ்லா எம்ஆர்ஐல பார்த்தப்போ கார்பன் டை ஆக்சைடு நல்லா ஏறினா அதுவும் கொஞ்சம் விரியுதுன்னு தெரிஞ்சுது. விட்டம் 5% விரிஞ்சா பரப்பு 10% கூடிடும், அந்த 10% வேகத்துல தெரியவே தெரியாது.

போன வருஷ ரிப்போர்ட்டையும் இந்த வருஷ ரிப்போர்ட்டையும் வச்சு ஒப்பிடறவங்க, ரெண்டும் ஒரே சென்டர்ல ஒரே மாதிரி மெஷின்ல எடுத்ததான்னு மொதல்ல பாருங்க, பிலிம்ல ஆங்கிள் எத்தனைன்னு ஓரத்துல அச்சாகியிருக்கும், அன்னைக்கு இருந்த பிபியையும் ஹீமோகுளோபினையும் பக்கத்துல எழுதி வச்சுக்கோங்க. ஆங்கிள் வேற வேறன்னா பிஎஸ்வி 140 இருந்தது 165 ஆனதை அடைப்பு கூடிடுச்சுன்னு எடுத்துக்காதீங்க, டாக்டர்கிட்ட காட்டி தேவைப்பட்டா அதே ஆங்கிள்ல திரும்ப எடுக்கச் சொல்லுங்க.